குழந்தைக்கு எந்த வைப்ஸ்? பாக்கெட்டின் பின்பக்கத்தில் தேட வேண்டியவை

வைப்ஸ் என்ற ஈரத் தாளால் துடைத்த இடத்தை யாரும் கழுவுவதில்லை. துடைத்த கையோடு புது டயப்பரைப் போட்டு ஒட்டிவிடுகிறோம். வைப்ஸில் இருந்த திரவத்தில் ஒரு பங்கு தோலிலேயே தங்கி, அடுத்த இரண்டு மூன்று மணி நேரம் மூடிய கதகதப்பில் ஊறுகிறது. பச்சிளம் குழந்தைக்கு இது ஒரு நாளைக்கு எட்டு, பத்து முறை நடக்கும். தேய்த்துக் கழுவிவிடும் சோப்பைத் தேர்ந்தெடுப்பதுபோல வைப்ஸைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். தடவி அப்படியே விட்டுவிடும் லோஷனுக்கு என்னென்ன கேள்வி கேட்போமோ, அத்தனையையும் இதற்கும் கேட்க வேண்டும். அழகுசாதனப் பொருள் விதிகள் உள்ள பல இடங்களில் சட்டமும் வைப்ஸை அந்த வகையில்தான் வைக்கிறது.

பாக்கெட்டின் முன்பக்கம் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாது. ‘ஹைபோஅலர்ஜெனிக்’ என்ற சொல்லுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்திடம் சட்டபூர்வ வரையறை எதுவும் கிடையாது. நிறுவனம் என்ன அர்த்தத்தில் போடுகிறதோ அதுதான் அர்த்தம். ‘தோல் மருத்துவர்களால் சோதிக்கப்பட்டது’ என்றால் சோதித்தார்கள் என்று மட்டும் பொருள். எத்தனை பேரிடம், என்ன முடிவு வந்தது என்பதெல்லாம் அதில் இல்லை. ‘99 சதவீதம் தண்ணீர்’ என்பதும் அப்படித்தான். சாதாரண வைப்ஸின் திரவத்திலும் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். தோலைப் பதம் பார்க்கும் பொருள்கள் அரை சதவீதம், 0.1 சதவீதம், அதற்கும் கீழே என்ற அளவில்தான் வேலை செய்கின்றன. அந்த மீதி ஒரு சதவீதத்துக்குள் அவை தாராளமாக இடம் பிடித்துவிடும்.

தோல் ஏன் புண்ணாகிறது

டயப்பர் பகுதித் தோல் சிவப்பதற்கு ஈரமும் உராய்வும் மட்டும் காரணமில்லை. மலத்தில் உள்ள பாக்டீரியாக்கள் சுரக்கும் யூரியேஸ் என்ற நொதி, சிறுநீரில் உள்ள யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகிறது. அம்மோனியா சேர்ந்ததும் தோலின் அமிலத்தன்மை குறைந்து, அதைக் காட்டும் எண்ணான பிஎச் மேலே ஏறுகிறது. பிஎச் ஏறினால் மலத்தில் உள்ள இன்னும் இரண்டு வகை நொதிகள், புரதத்தை அரிப்பதும் கொழுப்பை அரிப்பதும், முழு வேகத்தில் இயங்கத் தொடங்கும். தோலும் புரதத்தாலும் கொழுப்பாலும் ஆனதுதானே. சிறுநீரும் மலமும் ஒன்றாகக் கலந்து கிடக்கும் டயப்பரில் தோல் சீக்கிரம் கெடுவதும், வயிற்றுப்போக்கு நாட்களில் ஒரே இரவில் தடிப்பு வருவதும் இதனால்தான்.

ஆரோக்கியமான தோலின் பிஎச் 5, 5.5 அளவில் இருக்கும். பிறந்த குழந்தையின் தோல் நடுநிலையை ஒட்டித் தொடங்கி, வாரங்கள் போகப் போகத்தான் அந்த அமிலத்தன்மைக்கு இறங்கும். ஆகவே நல்ல வைப்ஸ் அழுக்கை எடுப்பதோடு, ஏறிப்போன பிஎச்சைக் கொஞ்சம் கீழே இழுத்தும் விட வேண்டும். பொருள்பட்டியலில் சிட்ரிக் ஆசிட், சோடியம் சிட்ரேட் என்ற இரண்டும் சேர்ந்து வந்தால் அது இந்த வேலைக்குத்தான். ‘ஆசிட்’ என்ற சொல்லைப் பார்த்துப் பயந்து அந்தப் பாக்கெட்டைத் திரும்ப வைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது நல்ல அறிகுறி. வெறும் தண்ணீருக்கு இந்தத் தாங்கு சக்தி கிடையாது; கடின நீராக இருந்தால் பிஎச்சைச் சற்று ஏற்றவும் செய்யும்.

முக்கியமான கேள்வி: எது இதைக் கெடாமல் வைத்திருக்கிறது?

ஈரத் துணியை மடித்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு மாதக்கணக்கில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். வைப்ஸில் பிடிப்பதில்லை என்றால் அதைத் தடுக்கும் ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது. ‘பிரிசர்வேட்டிவ் இல்லாதது’ என்று எழுதியிருந்தாலும், வேறு பெயரில் ஒன்று இருக்கும். இல்லாவிட்டால் கிருமி நீக்கம் செய்து அடைத்து, திறந்ததும் சீக்கிரம் தீர்க்கச் சொல்லியிருப்பார்கள். 2014இல் அமெரிக்காவில் பர்க்ஹோல்டேரியா செபேசியா என்ற பாக்டீரியா கலந்திருந்ததால் பல பிராண்டுகளின் குழந்தை வைப்ஸைத் திரும்பப் பெற வேண்டிவந்தது. எனவே பிரிசர்வேட்டிவ் இருப்பதே கெடுதல் என்ற முடிவுக்குப் போக வேண்டாம். எந்த பிரிசர்வேட்டிவ் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியவற்றில் முதலிடம் மெத்தில்ஐசோதயசோலினோனுக்கு. பட்டியலில் இது தனியாகவோ, மெத்தில்குளோரோஐசோதயசோலினோனோடு ஜோடியாகவோ வரும். மிகக் குறைந்த அளவிலேயே கிருமியைக் கொல்லும் என்பதால் தயாரிப்பாளர்களுக்கு ஒரு காலத்தில் இது மிகவும் பிடித்துப்போனது. தோல் ஒவ்வாமை அலையாக எழுந்ததும் 2013இல் அமெரிக்கத் தொடு ஒவ்வாமைச் சங்கம் அதை ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று அறிவித்தது. அடுத்த ஆண்டு ‘பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழில் ஆறு குழந்தைகளின் கதை வெளியானது. வாயைச் சுற்றியும் பின்புறத்திலும் ஆறாத தடிப்பு. எக்ஸிமா, சொரியாசிஸ், கிருமித் தொற்று என்று மாறி மாறிப் பெயர் வைத்து மருந்து கொடுத்திருக்கிறார்கள். இந்தப் பொருள் கலந்த வைப்ஸை நிறுத்தியதும் தடிப்பு அடங்கிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2017 பிப்ரவரி முதல், தோலில் கழுவாமல் விடும் பொருள்களில் இதற்கு முழுத் தடை போட்டது. அப்படித் தடை இல்லாத இடங்களில் பட்டியலைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

அடுத்து, ஒவ்வாமை தரும் ஃபார்மால்டிஹைடு என்ற வேதிப்பொருளை மெல்ல வெளிவிடும் வகை: டிஎம்டிஎம் ஹைடான்டாயின், இமிடசோலிடினைல் யூரியா, குவாட்டர்னியம்-15, ப்ரோனோபால். இவை இருந்தால் வேறு பாக்கெட் எடுப்பது நல்லது. அயோடோப்ரோப்பினைல் பியூட்டைல்கார்பமேட் என்ற நீண்ட பெயரும் அப்படியே. மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கான, கழுவாமல் விடும் பொருள்களில் அதை ஐரோப்பிய விதி அனுமதிப்பதில்லை. பாராபென் குடும்பத்தில் ப்ரோப்பில், பியூட்டைல் இரண்டையும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் டயப்பர் பகுதிக்கான, கழுவாமல் விடும் பொருள்களில் போடக் கூடாது என்று 2014இல் விதி வந்தது. மெத்தில், எத்தில் பாராபென்கள் அந்தத் தடையில் இல்லை.

ஃபீனாக்ஸிஎத்தனால் பற்றி மட்டும் நிபுணர்களே ஒருமனதாக இல்லை. 2012இல் பிரான்சின் மருந்துப் பாதுகாப்பு முகமை, டயப்பர் பகுதிக்கான பொருள்களில் இதைச் சேர்க்க வேண்டாம் என்றது. 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அறிவியல் குழு ஆராய்ந்து, 1 சதவீதம் வரை எல்லா வயதினருக்கும் பாதுகாப்பானது என்று முடிவு சொன்னது. ஒவ்வாமை தருவதில் இது மிகவும் பின்தங்கிய பொருள். இது இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒத்துப்போகும் வைப்ஸை மாற்றத் தேவையில்லை. புதிதாக வாங்கும்போது இது இல்லாத ஒன்று சமமாகக் கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம்.

சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சார்பேட் ஜோடி இப்போது பரவலாக இருக்கிறது. உணவுப் பொருள்களிலும் சேர்ப்பவைதான். இவை அமிலத்தன்மை இருந்தால்தான் வேலை செய்யும், பிஎச் 5.5ஐத் தாண்டினால் வலு பெரிதும் குறைந்துவிடும். ஆகவே இந்த ஜோடி உள்ள பாக்கெட்டில் சிட்ரிக் ஆசிட்டும் பெரும்பாலும் இருக்கும். தோலுக்கு வேண்டிய அமிலத்தன்மையும் பிரிசர்வேட்டிவுக்கு வேண்டிய அமிலத்தன்மையும் ஒரே அளவில் வந்து விழுவது அதிர்ஷ்டம்தான். ஒரே குறை, தோல் ஏற்கெனவே உரிந்திருந்தால் பென்சோயேட் சுருக்கென்று எரியும். நேற்றுவரை சும்மா இருந்த குழந்தை இன்று துடைத்ததும் வீறிட்டால் இதுவும் காரணமாக இருக்கலாம்.

‘இயற்கை பிரிசர்வேட்டிவ்’ என்று கிரேப்ஃப்ரூட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் விதைச் சாற்றைக் காட்டுவார்கள். சந்தையில் கிடைத்த சில சாறுகளைச் சோதித்தபோது, கிருமியைக் கொன்றது சாற்றோடு கலந்திருந்த பென்செத்தோனியம் குளோரைடு போன்ற செயற்கைப் பொருள்தான் என்று தெரியவந்தது. செடியிலிருந்து வந்தது என்பதாலேயே மென்மையாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. லாவெண்டர் எண்ணெய், டீ ட்ரீ எண்ணெய், கெமோமில் எல்லாமே ஒவ்வாமை தரக்கூடியவை.

பட்டியலில் மீதி

பொருள்கள் எடை வரிசையில் எழுதப்படும். 1 சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். வைப்ஸில் தண்ணீரைத் தாண்டிய பெரும்பாலானவை அந்த எல்லைக்குக் கீழே என்பதால், கடைசியில் இருக்கிறது, அதனால் பரவாயில்லை என்று சொல்ல முடியாது.

வாசனைக்கு ‘பர்ஃப்யூம்’ அல்லது ‘ஃப்ராக்ரன்ஸ்’ என்று ஒரே சொல் இருக்கும். அதற்குள் பல பொருள்கள் அடக்கம். பட்டியல் லினலூல், லிமோனீன் என்று முடிந்தாலும் அவையும் வாசனைப் பொருள்கள்தான். ‘அன்சென்டட்’ என்பதும் ‘ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ’ என்பதும் ஒன்றல்ல. முன்னதில் மூலப்பொருளின் வாடையை மறைக்க வாசனைப் பொருள் சேர்த்திருக்கலாம். குழந்தையின் அடிப்பகுதிக்கு மணம் எதற்கு? மணம் மலம் ஒட்டியிருப்பதையும் மறைத்துவிடும்.

அழுக்கை எடுக்கும் பொருளாக டெசில் குளுகோசைடு, கோகோ குளுகோசைடு, பாலிசார்பேட் 20 போன்றவை இருந்தால் நல்லது. சோடியம் லாரில் சல்ஃபேட் இருந்தால் வேண்டாம். 2018இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றை வைத்து ‘வைப்ஸால் உணவு ஒவ்வாமை’ என்று தலைப்புச் செய்திகள் வந்தன. அந்த ஆய்வு, தோல் தடுப்பு மரபணுவிலேயே பலவீனமான குட்டி எலிகள் மேல் இந்தச் சல்ஃபேட்டையும் உணவுப் புரதத்தையும் தடவிப் பார்த்தது. குழந்தைகளிடம் வைப்ஸைச் சோதித்த ஆய்வு அது இல்லை. ஆனாலும் சோப்புப் படலத்தைத் தோலில் விட்டுவைக்காமல் இருப்பது எப்படிப் பார்த்தாலும் நல்ல பழக்கம்.

‘ஆல்கஹால்’ என்ற சொல்லில் குழப்பம் வரும். ஆல்கஹால் டிநேச்சர்ட், எத்தனால், ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தோலைக் காயவைக்கும், எரிக்கும், வேண்டாம். செட்டைல் ஆல்கஹால், செட்டியரைல் ஆல்கஹால் கொழுப்பு வகை, வழவழப்புக்குச் சேர்ப்பவை, பிரச்சினை இல்லை. கிருமிநாசினி வைப்ஸை, அதாவது பென்சல்கோனியம் குளோரைடு உள்ளதை, குழந்தையின் தோலில் பயன்படுத்தக் கூடாது. தலைகீழாகவும் உண்மை: குழந்தை வைப்ஸ் உங்கள் கையில் உள்ள மலக் கிருமியைக் கொல்லாது. டயப்பர் மாற்றியதும் சோப்புப் போட்டுக் கை கழுவித்தான் ஆக வேண்டும்.

துணியைக் கையால் சோதிக்கலாம்

வைப்ஸ் நெய்த துணி கிடையாது. இழைகளைப் பரப்பி, மெல்லிய நீர்த்தாரைகளை உயர் அழுத்தத்தில் பாய்ச்சிச் சிக்கவைத்துச் செய்வது. பெரும்பாலும் விஸ்கோஸும் பாலியெஸ்டரும் கலந்திருக்கும். விஸ்கோஸ் நீரைப் பிடித்துவைக்கும். பாலியெஸ்டர் என்ற பிளாஸ்டிக் இழை கிழியாமல் காக்கும். ‘மூங்கில்’ என்று போட்டிருப்பது அநேகமாக மூங்கில் கூழிலிருந்து செய்த விஸ்கோஸ்தான்; தோலைப் பொறுத்தவரை மரக்கூழ் விஸ்கோஸுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. பிளாஸ்டிக் இழை இருப்பது தெரிய வேண்டுமென்றால், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் அத்தகைய வைப்ஸ் பாக்கெட்டில் ஆமைப் படத்தோடு எச்சரிக்கை அச்சிட வேண்டும். மற்ற இடங்களில் பாக்கெட்டே சொன்னால்தான் உண்டு.

ஒரு தாளை எடுத்து நீளவாக்கிலும் குறுக்கிலும் இழுத்துப் பாருங்கள். ஒரு திசையில் நீள்வது இயல்பு. நடுவில் வலை போல் பிரிந்து விரல் தெரிந்தால் அது துடைக்கும்போதும் அப்படித்தான் பிரியும். மலம் கையில் படும், இரண்டு தாள் எடுக்க வேண்டிவரும். சதுர மீட்டருக்கு 50 கிராம் என்பது வசதியான கனம். 40க்குக் கீழே போனால் மலிவு தாளின் எண்ணிக்கையில் போய்விடும். புடைப்பு வடிவம் உள்ள தாள் மலத்தை வாரி எடுக்கும், மொழுமொழுவென்று இருப்பது இழுகித் தள்ளும். கறுப்புத் துணி மேல் பத்து முறை தேய்த்துப் பாருங்கள். வெள்ளை நூல் பஞ்சுபோல் ஒட்டினால் அது குழந்தையின் மடிப்புகளிலும் ஒட்டும். பிழியும்போது சொட்டினால் ஈரம் அதிகம். உள்ளங்கையில் தேய்த்தால் படலம்போல் பளபளக்க வேண்டும், அவ்வளவே. ஒரு நிமிடத்தில் காய்ந்த பிறகு பிசுபிசுப்பு மிஞ்சினால், அதே பிசுபிசுப்புதான் டயப்பருக்குள்ளும்.

தண்ணீரும் பஞ்சும் போதாதா?

போதும். பிறந்த முதல் வாரங்களில், குறிப்பாகக் குறைப்பிரசவக் குழந்தைகளுக்கு, வெதுவெதுப்பான நீரும் பஞ்சும்தான் முதல் தேர்வு. அவர்களுக்கு மருத்துவமனை செவிலியர் சொல்வதே முடிவு. மாதம் நிறைந்து பிறந்த குழந்தைகளுக்கு வைப்ஸ் கெடுதலா என்று மான்செஸ்டரில் 280 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கிச் சோதித்து 2012இல் முடிவு வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு வாசனையில்லாத ஒரு வகை வைப்ஸ், மற்றதற்குத் தண்ணீரும் பஞ்சும். நான்கு வாரத்தில் தோலின் ஈரப்பதத்தில் வேறுபாடு இல்லை. அந்த ஆய்வுக்குப் பணம் தந்தது வைப்ஸ் தயாரிப்பு நிறுவனம் என்பதையும், சோதித்தது ஒரே ஒரு வகையை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். நன்றாகச் செய்த வைப்ஸ் தண்ணீருக்குச் சமம் என்பதற்கு அது ஆதாரம்; எல்லா வைப்ஸுக்கும் நற்சான்றிதழ் கிடையாது.

துடைக்கும் விதம்

தேர்வு எவ்வளவு நன்றாக இருந்தாலும் தேய்ப்பு அதைக் கெடுத்துவிடும். மலம் கழித்திருந்தால் முதலில் அழுக்கு டயப்பரின் சுத்தமான முன் ஓரத்தாலேயே பெரும்பகுதியை வழித்து எடுத்துவிடுங்கள். பிறகு வைப்ஸ்: முன்னாலிருந்து பின்னால், ஒரே இழுப்பு, மடித்து மறுபக்கம், இன்னொரு இழுப்பு. ஒரு தாளை இரண்டு முறை மடித்தால் நான்கைந்து சுத்தமான பரப்பு கிடைக்கும். பெண் குழந்தைக்கு இந்தத் திசை மிக முக்கியம். பின்னாலிருந்து முன்னால் வந்தால் மலக் கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போகும். ஆண் குழந்தைக்கு விதைப்பைக்கு அடியிலும் தொடை மடிப்பிலும் பாருங்கள். ஆண்குறியின் முன்தோலைப் பின்னால் தள்ளவே கூடாது. காய்ந்து ஒட்டிய மலத்தைச் சுரண்டாமல், ஈர வைப்ஸை அதன் மேல் அரை நிமிடம் போர்த்திவையுங்கள், இளகிவிடும்.

துத்தநாக ஆக்சைடு க்ரீம் போட்டிருந்தால் அழுக்கான மேல் அடுக்கை மட்டும் எடுத்தால் போதும். ஒவ்வொரு முறையும் வெள்ளைப் பூச்சு முழுவதையும் தேய்த்து எடுப்பதால் வரும் சிவப்பு, பல வீடுகளில் டயப்பரால் வந்ததாகக் கணக்கில் சேர்கிறது. முழுவதும் எடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால் பஞ்சில் எண்ணெய் தொட்டு எடுக்கலாம். சிறுநீர் மட்டும் என்றால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தாலே போதும். எதுவானாலும் மெல்லிய துணியால் ஒற்றியோ ஓரிரு நிமிடம் காற்றாடவிட்டோ உலர்ந்த பிறகே டயப்பரை மூடுங்கள்.

கணக்குக்கு: பத்து மாற்றத்தில் நான்கு மலம் என்றால், மலத்துக்கு மூன்று தாள், மற்றதற்கு ஒன்று வீதம் நாளைக்கு 18 தாள். 80 தாள் பாக்கெட் நாலரை நாள் வரும். புது பிராண்டை மொத்தமாக வாங்காமல் ஒரே பாக்கெட்டில் தொடங்குவதற்கு இன்னொரு காரணம் உண்டு: தொடு ஒவ்வாமை முதல் நாளே காட்டாது, பல நாள், சில சமயம் வாரங்கள் பழகிய பிறகுதான் கிளம்பும்.

பாக்கெட்டைத் திறந்த பிறகு

திரவம் கீழே இறங்கும். அதனால் மேல் தாள் காய்ந்தும் அடித்தாள் சொதசொதவென்றும் இருக்கும். பாக்கெட்டைத் தலைகீழாக வைத்தால் போதும். காய்ந்துபோன பாக்கெட்டில் தண்ணீர் ஊற்றி உயிர்ப்பிப்பது மட்டும் வேண்டாம். பிரிசர்வேட்டிவ் நீர்த்துப்போய், பிஎச்சும் ஏறி, பூஞ்சைக்குக் கதவு திறந்துவிடும். கறுப்பு, பச்சைப் புள்ளியோ புளித்த வாடையோ இருந்தால் முழுப் பாக்கெட்டும் குப்பைக்கு. திறந்த டப்பா படத்துக்குள் ‘எம்’ எழுத்தோடு உள்ள எண், திறந்த பின் எத்தனை மாதம் என்பதைக் குறிக்கும். தண்ணீர் வகை வைப்ஸில் அது பெரும்பாலும் ஒரு மாதம்தான். ஸ்டிக்கர் மூடியின் பசை பாதியில் போய்விடும், கடின மூடி கடைசிவரை தாங்கும். வைப்ஸைச் சூடாக வைத்திருக்கும் கருவிகள் தேவையில்லை. சூடு தாளைக் காயவைக்கிறது, கிருமிக்கும் அது சுகமான வெப்பம். கைக்குள் சில நொடி பொத்தி வைத்தால் குளிர்ச்சி போய்விடும்.

வீட்டிலேயே சுமார் 20 சென்டிமீட்டர் சதுரத்தில் பருத்தித் துணி வெட்டிப் பயன்படுத்தலாம். கொதித்து ஆறிய நீரில் அன்றன்றைக்கு நனைத்து, மீந்ததை 24 மணி நேரத்துக்குள் அப்புறப்படுத்த வேண்டும். சோப்போ எண்ணெயோ கலந்து ஒரு வாரத்துக்குச் செய்து வைக்கும் குறிப்புகளில் பிரிசர்வேட்டிவ் இல்லை என்பதால் அவை ஆபத்து. துவைக்க 60 டிகிரி சுடுநீர், நன்றாக அலசுதல். துணி மென்மையாக்கும் திரவம் போட்டால் நீரை உறிஞ்சாது.

தடிப்பு வந்தால்

எரிச்சலால் வரும் சிவப்பு, டயப்பர் உரசும் புடைத்த இடங்களில் இருக்கும். மடிப்புகளின் உள்ளே தோல் பெரும்பாலும் நன்றாக இருக்கும். மடிப்புக்குள்ளேயே அடர் சிவப்பு, சுற்றிலும் சின்னச் சின்னத் தனிப் புள்ளிகள், மூன்று நாளுக்கு மேல் நீடிப்பது என்றால் கேண்டிடா பூஞ்சையாக இருக்கலாம். மருத்துவர் தரும் பூஞ்சை மருந்து வேண்டும். வைப்ஸ் ஒவ்வாமை, துடைத்த பரப்பின் அளவுக்கு விரியும். அதே வைப்ஸால் வாய் துடைத்தால் உதட்டைச் சுற்றி, சில வேளை துடைப்பவரின் விரல்களிலும் வரும். அப்போது இன்னொரு பிராண்டுக்குத் தாவாமல், தண்ணீருக்கு மாறி இரண்டு மூன்று வாரம் பாருங்கள். வேறு பாக்கெட்டிலும் அதே பொருள் இருக்கலாம். கொப்புளம், சீழ், ரத்தக் கசிவு, காய்ச்சல் இருந்தால் அந்த வாரங்களைக் காத்திருக்க வேண்டாம், அன்றே காட்டுங்கள். தோல் உரிந்திருக்கும் நாட்களில் எந்த வைப்ஸும் வேண்டாம். அழுத்தினால் நீர் பீய்ச்சும் பாட்டிலில் வெதுவெதுப்பான நீரை நிரப்பிக் கழுவி, ஒற்றி எடுப்பது வலிக்காது.

பயன்படுத்திய தாளை அழுக்கு டயப்பருக்குள்ளேயே வைத்து, சுருட்டி ஒட்டி, குப்பைத் தொட்டியில் போடுங்கள். கழிப்பறையில் போட்டால் டாய்லெட் பேப்பர்போல் கரையாது. இழைகள் நீர்த்தாரையில் சிக்கவைக்கப்பட்டவை, சாக்கடை நீரோட்டம் அவற்றைப் பிரிக்காது. 2017இல் லண்டன் வொயிட்சாப்பல் பகுதிச் சாக்கடையில் கொழுப்பும் வைப்ஸும் சேர்ந்து இறுகிய 130 டன் எடையுள்ள, 250 மீட்டர் நீளமான அடைப்பை எடுக்க வாரக்கணக்கில் ஆனது. ‘மக்கும்’ என்று அச்சிட்ட வைப்ஸும் மக்குவதற்கு வாரங்களும் மாதங்களும் எடுத்துக்கொள்ளும்; குழாய் அடைபட அவ்வளவு நேரம் ஆகாது.